அளவைக் காட்டாமல் கணக்கில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை ஊர்வாரியாக அளந்து, அடுத்த கோடையில் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணிக்க நினைக்கும் குழுக்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். இந்த வேலையில் கருவியை விடப் பெரிய தடை தயக்கம். தன் கிணறு உப்பு என்று வெளியே தெரிந்தால் சென்ட் விலை இறங்கும், வாடகைக்கு ஆள் வராது என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. அதை மதிக்காமல் கணக்கெடுத்தால் பொய் எண்கள்தான் சேரும். பொய் எண்ணில் போட்ட கணிப்பு குடிதண்ணீர் விஷயத்தில் ஆபத்து. பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இருக்கும் இடத்தைச் சொல்லத் தயங்கும் மீனவருக்கும், மகசூலை வியாபாரி அறியக்கூடாது என்று நினைக்கும் குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயிக்கும் இதே முறைகள் பொருந்தும்.

எதை, யாரிடமிருந்து மறைக்கிறோம்?

பார்ப்பவர்கள் நான்கு வகை. இணைய இணைப்பில் இடையே இருப்பவர். எண்களைச் சேர்த்துக் கூட்டும் கணக்கர். கூடவே அளவு கொடுக்கும் மற்ற வீட்டுக்காரர்கள். கடைசியாக, வெளியிட்ட விடையைப் படிப்பவர்.

இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் உள்ளன. கணக்குப் போடும்போது தனி எண்ணை யார் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. விடை வெளியே வந்தபின் அதிலிருந்து தனி எண்ணை ஊகிக்க முடியுமா என்பது மற்றொன்று. குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி எண்ணைப் பூட்டுவது, முதல் கேள்விக்கு மட்டுமே பதில். இரண்டாவதற்கு விடையில் இரைச்சல், அதாவது வேண்டுமென்றே ஒரு சிறு சமவாய்ப்புப் பிசகு, சேர்க்க வேண்டும். நல்ல குறியாக்கம் போட்டுவிட்டோம் என்று இரண்டாவதை மறந்துவிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

இணையதளத்தில் பூட்டுக் குறி வருகிறதே, அது போதாதா?

போதாது. அந்தப் பூட்டுக் குறி காட்டும் டி.எல்.எஸ். என்ற இணைப்புக் குறியாக்கம் இடையில் இருப்பவரிடமிருந்து மட்டுமே மறைக்கும். மறுமுனையில் இருக்கும் சர்வர் எல்லா எண்ணையும் அப்படியே படிக்கும். அதை நடத்துபவரும், நாளை அதைத் திருடுபவரும் படிப்பார்கள். ஆனாலும் டி.எல்.எஸ். கட்டாயம் வேண்டும். இங்கே சொல்லப்படும் மற்ற எல்லாம் அதன் மேல் கட்டப்படுவது.

பெயரையும் கதவு எண்ணையும் எடுத்துவிட்டால்?

ஆழம் 11 மீட்டர், கடலிலிருந்து 240 மீட்டர், பள்ளம் ஊர், மோட்டார் உண்டு. இவ்வளவு போதும், அந்த ஊரார் கிணற்றைக் கைகாட்டிவிடுவார்கள். 15 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடத் தரவை வைத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. சிற்றூரில் அந்த நான்கும் தேவைப்படாது.

கைபேசி எண்ணை ஹாஷ் செய்து வைத்தால்?

ஹாஷ் என்பது எண்ணை நேராகத் திருப்ப முடியாத ஒரு குறியாக மாற்றுவது; ஒரே எண் எப்போதும் ஒரே குறியாகும். இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள்தான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நொடிகள் போதும். டி.டி.எஸ். அளவை (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தம்) ஹாஷ் செய்வது இன்னும் மோசம்: 0 முதல் 5000 வரை ஐயாயிரத்து ஒரு வாய்ப்புகளே உள்ளன.

அப்படியானால் எண்ணைக் காட்டாமல் எப்படிக் கூட்டுவது?

எளிய முறை, எண்ணை இரண்டு பங்காக உடைத்து இரண்டு கணக்கர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுப்பது. பள்ளியில் படித்த மட்டு எண்கணிதம்தான்: மட்டால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. மட்டு 10,00,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிணறுகளின் உண்மை அளவு லிட்டருக்கு 640, 1180, 2350 மி.கி.

முதல் கிணற்றுக்காரரின் கருவி 0 முதல் 9,99,999 வரை ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுக்கிறது: 7,31,204. இது முதல் கணக்கருக்கு. இரண்டாமவருக்கு 640 − 7,31,204. எதிர்மறையாக வருவதால் 10,00,000 சேர்த்தால் 2,69,436. இரண்டாம் கிணறு: 58,917-ம் 9,42,263-ம். மூன்றாம் கிணறு: 4,06,650-ம் 5,95,700-ம்.

முதல் கணக்கர் தன்னிடம் உள்ளதைக் கூட்டுகிறார்: 11,96,771, மட்டு எடுத்தால் 1,96,771. இரண்டாமவருக்கு 18,07,399, மட்டு எடுத்தால் 8,07,399. இந்த இரண்டு கூட்டுத்தொகைகளை மட்டும் அவர்கள் பரிமாறிக்கொள்கிறார்கள். சேர்த்தால் 10,04,170, மட்டு எடுத்தால் 4170. மூன்றால் வகுத்தால் சராசரி 1390.

ஒரு கணக்கர் தன்னிடமுள்ள பங்கை எவ்வளவு நேரம் ஆராய்ந்தாலும் ஒன்றும் கிடைக்காது. 7,31,204 என்ற பங்கு எந்த அளவுக்கும் ஒரே வாய்ப்போடு வந்திருக்கக்கூடியது. வேகமான கணினி வந்தாலும், குவாண்டம் கணினியே வந்தாலும் இந்த உறுதி மாறாது. கடினமான கணக்கு எதையும் இது நம்பியிருக்கவில்லை. பங்குகளை அனுப்பும் வழிக்குத்தான் வழக்கமான குறியாக்கத்தின் பலம் தேவை.

இரண்டு பங்கும் ஒரே கைபேசியிலிருந்துதானே போகின்றன? வழியில் பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துவிடமாட்டாரா?

சேர்த்துவிடுவார், ஒவ்வொரு பங்கையும் அந்தந்தக் கணக்கரின் பொதுச் சாவியால் (யாரும் பூட்டலாம், திறப்பவர் அவர் மட்டும்) தனித்தனியாக மூடாவிட்டால். லிப்சோடியம் என்ற குறியாக்க மென்பொருள் நூலகத்தில் உள்ள சீல்டு பாக்ஸ் என்ற வசதி இதற்குப் போதும். 8 பைட் பங்குக்கு அது 48 பைட் சேர்த்து 56 பைட் ஆக்கும். சீல்டு பாக்ஸ் அனுப்புநர் யார் என்பதற்குச் சான்று தராது. ஆகவே எட்.25519 என்ற வகை டிஜிட்டல் கையொப்பம், 64 பைட், சேருங்கள். இது எத்தனையாவது கணக்கெடுப்புச் சுற்று என்ற எண்ணையும் கையொப்பத்துக்குள் வையுங்கள்; இல்லாவிட்டால் சென்ற வாரப் பொதியை யாரோ இந்த வாரம் மறுபடி அனுப்பலாம்.

கணக்கர்களாக யாரை வைப்பது?

முழு அமைப்பும் இந்தத் தேர்வில்தான் நிற்கிறது. இருவரும் கைகோத்தால் எல்லாக் கிணறும் வெளிச்சம். எனவே ஒருவருக்கொருவர் கடமைப்படாத, வெவ்வேறு ஆட்களுக்குப் பதில் சொல்லும் இரண்டு அமைப்புகளைத் தேடுங்கள். ஊர்ப் பங்குப்பேரவை அல்லது ஜமாத் ஒன்று, நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கணினித் துறை மற்றொன்று என்று வைக்கலாம். ஒரே தொண்டு நிறுவனத்தின் இரண்டு கிளைகள் வேண்டாம். இரண்டு கணக்கரின் சர்வரையும் ஒரே ஆள் நிர்வகித்தால் அது ஒரு சர்வர்தான்; நடைமுறையில் அடிக்கடி நடப்பது இது.

கணினி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி அல்லது பழைய மடிக்கணினி போதும்.

ஒரு கணக்கரின் இயந்திரம் கெட்டால் அந்தச் சுற்றே போய்விடும். அதற்குப் பயந்தால் கணினி அறிவியலாளர் ஷமீர் 1979-ல் வெளியிட்ட இரகசியப் பங்கீட்டு முறையில் மூன்று கணக்கர்களை வைத்து, எந்த இருவர் இருந்தாலும் விடை வரும்படி செய்யலாம். ஆனால் எந்த இருவர் கைகோத்தாலும் உடையும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

அளவெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மறைத்த எண்ணைப் பின்னால் திருத்த முடியாது. வழக்கமான கணக்கெடுப்பில் விபரீதமான எண்ணைப் பார்த்தால் மறுபடி போய் அளக்கலாம். இங்கே அது யாருடையது என்றே தெரியாது. ஆகவே அளக்கும் முறையில் கண்டிப்பு வேண்டும்.

மலிவான டி.டி.எஸ். மீட்டர்கள் உண்மையில் மின்கடத்துதிறனை அளந்து ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகின்றன. சிலவற்றில் அது 0.5, சிலவற்றில் 0.7. அளவுத்திருத்தத்துக்கு விற்கும் 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் வைத்தால் ஒரு மீட்டர் 707 என்றும் இன்னொன்று 989 என்றும் காட்டும், இரண்டும் பழுதில்லை. எனவே எல்லோரும் மைக்ரோசீமென்ஸில் படித்து, ஒரே காரணியைச் செயலி போடட்டும். மீட்டருக்கு 25 டிகிரி வெப்பத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு பிழை.

திறந்த கிணற்றில் உப்பு நீர் கனமாகக் கீழே தங்கும், மழைநீர் மேலே நிற்கும். மேற்பரப்பிலிருந்து அரை மீட்டர் கீழே என்று ஓர் ஆழத்தை முடிவு செய்து எல்லோரும் அங்கேயே எடுங்கள். போர்வெல்லில் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் பிடியுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், மார்ச் அளவையும் நவம்பர் அளவையும் ஒரே சராசரியில் கலப்பது பொருளற்றது.

தசம எண், எதிர்மறை எண், பெரிய எண்: எப்படி அனுப்புவது?

மட்டு எண்கணிதத்தில் முழு எண்கள் மட்டும். 11.35 மீட்டர் ஆழத்தை 1135 செ.மீ. ஆக அனுப்புங்கள். எதிர்மறை எண்ணை மட்டிலிருந்து கழித்து அனுப்பி, விடை மட்டின் பாதிக்கு மேல் வந்தால் அது எதிர்மறை என்று படியுங்கள். மிதவைப் புள்ளி எண்ணில் (கணினி தசமத்தோடு வைக்கும் எண்) சமவாய்ப்பு எண்ணைச் சேர்த்து மறைக்க முயலாதீர்கள். அதில் சமவாய்ப்புச் சீராகப் பரவாது, கசியும்.

மட்டு, வரக்கூடிய மிகப் பெரிய கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதானால் விடை எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாக வரும். 64 பிட் வைத்துவிடுங்கள். 32 பிட் ஏன் போதாது என்பது கீழே உப்பைக் கணிக்கும் பகுதியில் தெரியும்.

வைஃபை உள்ள இ.எஸ்.பி. 32 சிப் வைத்துத் தானியங்கியாக அளக்கலாமா?

அளக்கலாம், அதில் இந்தக் கணக்குக்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஒரு பொறி உண்டு. அதன் வன்பொருள் சமவாய்ப்பு எண் வைஃபை அல்லது புளூடூத் இயங்கும்போதுதான் உண்மையான சமவாய்ப்பு என்று தயாரிப்பாளரின் ஆவணமே சொல்கிறது. மின்சாரம் மிச்சப்படுத்த ரேடியோவை அணைத்துவிட்டுப் பங்கை உருவாக்கினால் அந்த உறுதி போய்விடும். ரேடியோவை எழுப்பியபின் எண்ணை எடுங்கள், அல்லது அதற்கென உள்ள பூட்லோடர் வழியைப் பயன்படுத்துங்கள். கைபேசிச் செயலியில் மொழியின் சாதாரண ரேண்டம் வேண்டாம். இயங்குதளம் தரும் பாதுகாப்பான ரேண்டம் மட்டும்.

மின்சாரம் போய் ஒரு பங்கு மட்டும் சேர்ந்தால்?

ஒரு பங்கு முதல் கணக்கரிடம் சேர்ந்து மற்றது சேராவிட்டால் முழுக் கூட்டுத்தொகையும் குப்பை. மழைக்காலத்தில் இது தவறாமல் நடக்கும். கூட்டுவதற்கு முன் இருவரும் யார் யாரிடமிருந்து வந்தது என்ற பட்டியலை ஒப்பிட்டு, இருவரிடமும் உள்ள கிணறுகளை மட்டும் கூட்டட்டும்.

இந்த ஒப்பிடலிலும் தாக்குதல் உண்டு. நேர்மையற்ற கணக்கர் எனக்கு ஒரு கிணறுதான் வந்தது என்று சொன்னால், கூட்டுத்தொகை அந்த ஒரு கிணற்றின் அளவு. ஆகவே 20 கிணறுகளுக்குக் கீழ் எந்தக் கூட்டுத்தொகையையும் தரக்கூடாது என்று இரு பக்க மென்பொருளிலும் எழுதிவையுங்கள். ஒரே பட்டியலுக்கு ஒரே தடவை.

இரண்டு கணக்கர்கள் கிடைக்கவில்லை. ஒரே சர்வர்தான். வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு இரண்டு கிணறும் தங்களுக்குள் ஓர் இரகசிய எண்ணை ஒத்துக்கொண்டு, ஒன்று அதைக் கூட்டியும் மற்றது கழித்தும் அனுப்பும். எல்லாம் சேர்ந்தால் மறைப்புகள் ஒன்றையொன்று அடித்துவிடும். 40 கிணறுகளுக்கு 780 இணைகள். யாரேனும் பாதியில் விழுந்தால் அவருடைய மறைப்புகள் அடிபடாமல் நிற்கும். அதைச் சரிசெய்ய சாவிகளை ஷமீர் முறையில் மற்றவர்களிடம் முன்பே பங்கிட்டு வைக்கும் முறையை, கூகுள் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2017-ல் வெளியிட்டது. விழுந்துவிட்டார் என்று சாவியை மீட்டபின் அவருடைய எண் தாமதமாக வந்து சேர்ந்தால் அது அம்பலமாகும். அதற்காக அவர்கள் இரண்டாவது மறைப்பும் போட்டார்கள். சரியாக எழுதக் கடினமானது. இணைப்பு அடிக்கடி போகும் ஊர்களுக்கு இரண்டு கணக்கர் முறையையே சொல்வோம்.

யாராவது வேண்டுமென்றே 99,99,999 என்று அனுப்பினால்?

சராசரி கெட்டுவிடும், யாரென்றும் தெரியாது. மறைப்பின் விலை இது. எளிதாகக் குறைக்கும் வழி, அளவுக்குப் பதில் பெட்டிகளில் எண்ணுவது: 500-க்குக் கீழ், 500 முதல் 1000, 1000 முதல் 2000, 2000-க்கு மேல். ஒவ்வொரு கிணறும் நான்கு எண்கள் அனுப்பும், ஒன்றில் 1, மற்றவற்றில் 0. பெட்டி எல்லைகளுக்குக் காரணம் உண்டு: குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ல் டி.டி.எஸ். ஏற்கத்தக்க அளவு 500 மி.கி., வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 2000.

நான்கு எண்களின் கூட்டுத்தொகை 1 தானா என்று கணக்கர்கள் தங்கள் பங்குகளை வைத்தே சோதிக்கலாம், ஒன்றும் கசியாது. ஆனால் 5, −4, 0, 0 என்று அனுப்பினாலும் கூட்டுத்தொகை 1 தான். ஒவ்வொரு எண்ணும் 0 அல்லது 1 என்பதையும் நிறுவ வேண்டும். எண்ணைத் திறக்காமல் அதை நிறுவும் சான்றை எண்ணோடு சேர்த்து அனுப்புவது 2017-ல் வந்த பிரியோ முறை. அதன் வழிவந்த நூலகங்கள் கிடைக்கின்றன. அதை நீங்களே எழுத முயலாதீர்கள்.

இவ்வளவு செய்தபின் சராசரியை வெளியிடலாம்தானே?

பொறுங்கள். சென்ற வாரம் 41 கிணறு, இந்த வாரம் ஒருவர் விலகி 40. இரண்டு கூட்டுத்தொகைகளையும் கழித்தால் விலகியவரின் அளவு ஏறக்குறையக் கையில். குறியாக்கம் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தும் இரகசியம் போய்விட்டது. மூன்று கிணறுகள் மட்டும் உள்ள தெருவில் இருவர் தங்கள் அளவைச் சொல்லிக்கொண்டால் மூன்றாவது தானாகத் தெரியும்.

இதற்குத்தான் டிஃபரன்ஷியல் பிரைவசி, 2006-ல் வந்த வரையறை. ஒரு கிணறு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் விடை ஏறக்குறைய ஒரே மாதிரி தோன்றும்படி இரைச்சல் சேர்ப்பது. எவ்வளவு சேர்ப்பது என்பது இரண்டைப் பொறுத்தது: ஒரு கிணறு விடையை அதிகபட்சம் எவ்வளவு மாற்றும், எப்சிலான் என்ற உறுதியின் அளவு என்ன. லாப்லாஸ் இரைச்சலின் அகலம், முதலாவதை இரண்டாவதால் வகுத்தது. எப்சிலான் 1 என்பது நல்ல உறுதி; எண் ஏற ஏற உறுதி குறையும்.

கணக்கிட்டுப் பாருங்கள். அளவை 0 முதல் 3000 வரை வெட்டிக்கொள்கிறோம். 40 கிணறுகளின் சராசரியில் ஒரு கிணறு மாற்றக்கூடியது 3000 ÷ 40 = 75. இரைச்சலின் திட்டவிலக்கம் அதன் 1.41 மடங்கு, 106 மி.கி. சராசரி 1390 என்றால் இது பெரிய கலக்கம். 400 கிணறுகள் இருந்தால் அதே கணக்கு 10.6 மி.கி. ஆகிவிடும். 3000-ல் வெட்டுவதால் அதற்கு மேல் உப்புள்ள கிணறுகளின் பாரம் குறைந்து சராசரி கீழே இறங்கும். இதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். சராசரி என்ன என்று கேட்காமல், 2000-க்கு மேல் எத்தனை கிணறுகள் என்று கேளுங்கள். ஒரு கிணறு இந்த விடையை 1-க்கு மேல் மாற்றாது. இரைச்சலின் திட்டவிலக்கம் 1.4 கிணறு, மூன்றுக்கு மேல் பிசகும் வாய்ப்பு 5 விழுக்காடு. 40 கிணற்றிலேயே பயனுள்ள விடை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வேண்டும் என்று முடிவெடுக்க எண்ணிக்கைதான் தேவை. சிறு ஊர்களில் எண்ணிக்கை கேளுங்கள், சராசரி கேட்காதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இரைச்சலைக் கணக்கர் ஒருவரே சேர்த்தால் அவருக்கு அது தெரியும், கழித்துவிடுவார். இருவரும் ஆளுக்கொரு முழு இரைச்சலைத் தங்கள் கூட்டுத்தொகையில் சேர்த்தபின்தான் பரிமாறிக்கொள்ள வேண்டும். கலக்கம் 1.41 மடங்காகும்; அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணிக்கைக்கு முழு எண் வடிவ இரைச்சலையே பயன்படுத்துங்கள்.

வாரந்தோறும் வெளியிட்டால்?

எப்சிலான்கள் கூடிக்கொண்டே போகும். வாரம் 1 என்றால் 12 வாரத்தில் 12. அந்த அளவில் உறுதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோடைக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே ஒதுக்கி, வெளியீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். மாதம் ஒன்று போதும். நிலத்தடி உப்பு ஒரு வாரத்தில் ஓடிவிடாது.

கைபேசியே இல்லாத வீடுகளுக்கு?

வார்னர் 1965-ல் முன்வைத்த கருத்தின் எளிய வடிவம் ஒன்று உண்டு, காசு போதும். வீட்டுக்காரர் மறைவாகக் காசைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை. பூ விழுந்தால் இன்னொரு தடவை சுண்டி, தலைக்கு ஆம், பூவுக்கு இல்லை. நூறு வீட்டில் 45 ஆம் வந்தால் உண்மை விழுக்காடு 2 × 45 − 50 = 40. யாரையும் நம்ப வேண்டியதில்லை, எப்சிலான் 1.1 தான். ஆனால் நூறு வீட்டில் காசின் கலக்கம் மட்டுமே ஏறக்குறைய 9 வீடு. இரண்டு கணக்கர் முறையில் இருவருடைய இரைச்சலும் சேர்ந்தே 2 வீடுதான்.

கூட்டுவது சரி. உப்பு எப்படி ஏறும் என்று கற்றுக் கணிப்பது எப்படி?

கற்றல் என்றதும் பலர் நியூரல் நெட்வொர்க்கை நினைக்கிறார்கள். முதலில் லீனியர் ரிக்ரஷன் போடுங்கள்: ஒவ்வொரு காரணியையும் ஒரு கெழுவால் பெருக்கிக் கூட்டினால் உப்பளவுக்கு நெருங்கி வரும்படி கெழுக்களைக் கண்டுபிடிப்பது. அதற்குத் தேவையானவை எல்லாம் கூட்டுத்தொகைகள் என்பதால் மேலே சொன்ன முறையே முழுதும் போதும்.

கடலிலிருந்து தூரம், கிணற்றின் ஆழம், ஒரு நாள் இறைப்பு, மழைக்குப் பின் கடந்த நாட்கள் என நான்கு காரணிகள், மாறிலியோடு ஐந்து. ஒவ்வொரு கிணறும் தன் கருவியிலேயே இந்த ஐந்தை ஒன்றோடொன்று பெருக்கினால் 15 வெவ்வேறு எண்கள். உப்பளவோடு பெருக்கினால் 5. ஆக 20 எண்களைப் பங்கிட்டு அனுப்பும். கணக்கர்கள் கூட்டுகிறார்கள், அந்த 20 மொத்தங்களைக் கொண்டு சமன்பாட்டைத் தீர்த்தால் கெழுக்கள் வந்துவிடும். எல்லாக் கிணற்றின் தரவையும் ஓரிடத்தில் குவித்துப் போட்ட ரிக்ரஷனுக்கும் இதற்கும் விடையில் வேறுபாடு இல்லை. முதல் கணக்கருக்கு 20 எண்களுக்குப் பதில் 16 பைட் விதையை அனுப்பினால், அவரே அதிலிருந்து பங்குகளை விரித்துக்கொள்வார். இரண்டாமவருக்கு மட்டும் 160 பைட் போகும்.

32 பிட் இங்கேதான் உடைகிறது. தூரம் 5000 மீட்டர் என்றால் அதன் வர்க்கம் இரண்டரைக் கோடி. 400 கிணறு சேர்ந்தால் 1000 கோடி. 32 பிட்டின் எல்லை 429 கோடி.

இன்னொரு கசிவு, பலரும் கவனிக்காதது. ஏ.வி.எம். கால்வாய் ஓரமா என்று 0 அல்லது 1 காரணியைச் சேர்த்தீர்கள், அப்படி ஒரே ஒரு கிணறுதான் இருக்கிறது என்றால், அந்தக் காரணிக்கும் உப்பளவுக்கும் உரிய பெருக்குத்தொகை அந்தக் கிணற்றின் அளவேதான். எந்தக் காரணியையும் குறைந்தது இருபது கிணறுகளாவது பகிராவிட்டால் சேர்க்காதீர்கள். கூட்டுத்தொகைகளை வெளியிடாமல் கெழுக்களை மட்டும் வெளியிடுங்கள்; நூற்றுக்கணக்கில் கிணறுகள் இருந்தால் 20 மொத்தங்களிலும் இரைச்சல் சேர்த்தபின் தீர்க்கலாம். 40 கிணறோடு அதைச் செய்தால் கெழுக்களின் குறியே மாறிவிடும்.

ஃபெடரேட்டட் லேர்னிங்கில் தரவு கைபேசியை விட்டு வெளியேறுவதில்லையாமே?

ஒவ்வொரு கைபேசியும் தன் தரவில் தானே கற்று, மாதிரியை எப்படித் திருத்துவது என்ற எண்களை (கிரேடியன்ட்) மட்டும் அனுப்பும் முறை இது. தரவு வெளியேறாது, தரவின் தடயம் வெளியேறும். கைபேசி அனுப்பும் கிரேடியன்ட்டிலிருந்து மூலப் படத்தையே மீட்டெடுக்க முடியும் என்று 2019-ல் செய்து காட்டினார்கள். ஆகவே அந்தக் கிரேடியன்ட்டுகளையும் மேலே சொன்னபடி மறைத்துக் கூட்ட வேண்டும், ஒவ்வொன்றையும் ஓர் அளவுக்குள் வெட்டி இரைச்சலும் சேர்க்க வேண்டும். சில நூறு கிணறுகளின் அட்டவணைத் தரவுக்கு இந்தப் பாடு தேவையில்லை. படம், ஒலி போன்றவற்றுக்கு வேண்டும்.

ஹோமோமார்ஃபிக் குறியாக்கம்?

பூட்டிய நிலையிலேயே கணக்குப் போட விடும் குறியாக்கம். பாஸ்கல் பையே 1999-ல் கொடுத்த முறை கூட்டலுக்கு மட்டும். 2048 பிட் சாவியில் ஓர் எண் 512 பைட் ஆகும். பங்கு முறையில் 8 பைட். கூட்டல், பெருக்கல் இரண்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் செய்ய முதலில் வழி காட்டியவர் ஜென்ட்ரி, 2009-ல். கூட்டுவதற்கு இது தேவையில்லை, திறப்புச் சாவியை வைத்திருப்பவரை முழுதாக நம்பவும் வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக்காரர் தன் விவரத்தைக் காட்டாமல் தன் கிணற்றுக்கு மட்டும் கணிப்பு கேட்கும் இடத்தில் இது பொருத்தம்: சாவி அவரிடமே இருக்கும், சர்வர் பூட்டிய எண்ணில் கணக்கிட்டுப் பூட்டிய விடையைத் திருப்பித் தரும்.

எண் மறைந்தாலும் அனுப்பும் நேரம் பேசுமா?

பேசும். அளவு மாறினால் மட்டும் அனுப்பு என்று கருவிக்குச் சொன்னால், பொதி போவதே செய்தி. தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவுப் பொதி. அளவு இல்லாத நாளில் வெற்றுப் பொதி.

மீன்பிடி இடங்களுக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கடலைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பிடிபட்டது என்று பெட்டி முறையில் கூட்டலாம். நூறு கட்டத்துக்கு எண்ணுக்கு 8 பைட் வீதம் 800 பைட். கட்டம் சிறிதானால் ஒரே படகு போகும் பார் தனியாகத் தெரிந்துவிடும். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் ராணுவ முகாம்கள் தெரிந்தது இப்படித்தான்: அங்கே அந்தச் செயலியோடு ஓடியவர்கள் படைவீரர்கள் மட்டுமே. பத்து படகுக்குக் குறைந்த கட்டத்தை வெளியிடாதீர்கள், எண்ணிக்கையிலும் இரைச்சல் சேருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். 2017 ஒக்கிப் புயலை மறக்காத கடற்கரை இது. ஆபத்தில் படகின் இருப்பிடம் உடனே, முழுதாக, பெயரோடு தெரிய வேண்டும். அந்தக் கருவியையும் இந்தக் கணக்கையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

உண்மையில் எங்காவது நடந்திருக்கிறதா?

2008 ஜனவரியில் டென்மார்க்கில் சர்க்கரைக் கிழங்கு விவசாயிகள் சுமார் 1200 பேர் உற்பத்தி உரிமைகளை இப்படி ஏலத்தில் வாங்கி விற்றார்கள். வாங்கும் ஆலை ஒன்றுதான். தங்கள் விலையைச் சொன்னால் தங்கள் நிலைமை ஆலைக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய கவலையும். ஆலை, விவசாயிகள் சங்கம், ஆய்வுக் குழு என மூவர் கணக்கர்கள். யாருடைய விலையும் யாருக்கும் தெரியாமல் சந்தை விலை வந்தது.

எப்படித் தொடங்குவது?

முதல் சுற்றில் உண்மை அளவு வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பொய் எண்களை எழுதிக் கொடுத்து, கூட்டுத்தொகை சரியாக வருகிறதா பாருங்கள். இரண்டாம் சுற்றில் வேண்டுமென்றே இரண்டு கைபேசிகளைப் பாதியில் அணைத்துவிடுங்கள். ஒருவரை 99,99,999 அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பொதியை இரண்டு முறை அனுப்புங்கள். மென்பொருள் இந்த மூன்றையும் தாங்கியபின் உண்மை அளவுக்குப் போகலாம். வீட்டுக்காரர்களிடம் எப்சிலான் பேச வேண்டாம். யார் இருவர் சேர்ந்தால் உங்கள் எண் தெரிந்துவிடும் என்பதைப் பெயர் சொல்லி விளக்குங்கள், அவர்கள் தீர்மானிக்கட்டும்.

சுற்று முடிந்தபின் கணக்கர்கள் பங்குகளை வைத்திருக்கலாமா?

கூடாது. இன்று நம்பகமான இருவரின் மடிக்கணினிகளும் இரண்டு வருடம் கழித்து ஒரே பழுதுபார்க்கும் கடைக்குப் போகலாம். எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்பு உண்மையில் அழிந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே வரும் பங்குகளை அந்தச் சுற்றுக்கென்று உருவாக்கிய சாவியால் பூட்டியே வட்டில் எழுதுங்கள், சாவியை நினைவகத்தில் மட்டும் வையுங்கள், கூட்டுத்தொகை பரிமாறியதும் இயந்திரத்தை நிறுத்துங்கள். சாவி போனால் பங்குகளும் போய்விடும். சீல்டு பாக்ஸைத் திறக்கும் கணக்கரின் சாவியையும் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள். அது பழையதாகவே இருந்தால், வழியில் பதிவு செய்து வைத்தவர் பின்னால் திறந்துகொள்வார்.